அத்தை எடுத்துப்போன நடுக்கட்டை

இன்று என் செல்லூர்க் கடைசல் பட்டறைக்கு ஒரு வாகைக் கவட்டை வந்தது. இரண்டு கிளைகளையும் அறுத்துத் தனித்தனியாகக் கடைவதா, அவை சேரும் இடத்தையே கிண்ணமாக்குவதா என்று யோசித்தபடி லேசாகச் சீவினேன். பச்சை மர வாசம் என்னை ஐந்தாம் வகுப்புக்குக் கொண்டுபோய்விட்டது.

தாத்தா வீட்டில் அன்று பாகப்பிரிவினை. வெட்டிப்போட்ட வாகையின் கவட்டையைக்கூட விடவில்லை; ஒரு கிளை அப்பாவுக்கு, மறு கிளை சித்தப்பாவுக்கு என்று அறுத்துக்கொண்டார்கள். மிஞ்சிய நடுக்கட்டையை, பிறந்த வீட்டில் எந்தப் பங்கும் கிடைக்காத என் அத்தை தூக்கிக்கொண்டார்.

"அது அடுப்புக்குத்தான்க்கா ஆகும்," என்றார் சித்தப்பா.

"இருக்கட்டும்டா. அம்புட்டும் நீங்களே எடுத்துக்கிட்டா நான் வெறுங்கையோடயா போறது?"

அடுத்த வருடம் அப்பா பொங்கல் சீர் கொண்டு போனபோது நானும் போனேன். அத்தை அந்தக் கட்டையைக் கிண்ணமாகக் கடைய வைத்திருந்தார். இரண்டு கிளைகளின் வரிகளும் கலந்து மயில்தோகையாக விரிந்திருந்தன. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்குக் குடுத்துரேன்க்கா."

"அதான் பங்கு பிரிச்சாச்சே தம்பி," என்ற அத்தை, அதிலேயே முறுக்கை வைத்து நீட்டினார்.

சாக்பீஸை எடுத்து, கிளைகள் சேரும் இடத்தைச் சுற்றி வட்டம் போட்டேன்.