உப்பிட்ட மடவை

எழுபதுகளின் கடைசி. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் என் மனைவிக்கு மறுபடி வலிப்பு வந்தது. கட்டிலின் கால் தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

"மூளைக்காய்ச்சலா, விஷமான்னு தெரியணும்" என்றார் டாக்டர். "ரெண்டுக்கும் மருந்து வேற."

முந்தின நாள் அவள் மட்டும் முட்டுக்காட்டு உப்பங்கழியில் பிடித்த மடவை மீன் சாப்பிட்டிருந்தாள். மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்தில் கட்டுமரம் வைத்திருந்த அவள் அண்ணன் கழிக்கரையில் வாங்கிக் கொடுத்தது. கழியில் சிலர் காக்காய்க்கொல்லி என்ற விஷ விதையை இடித்துக் கரைத்து மீனை மயக்கிப் பிடிப்பதுண்டு. கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சென்னை ஆய்வுக்கூடம் ஒன்றில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்தது. பொருளை ஆவியாக்கி, அதிலுள்ள மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் இயந்திரம். டாக்டர் சீட்டு எழுதினார். மச்சான் வீட்டில் மிச்சமிருந்த மடவையை ஓலைக்கூடையில் எடுத்து வந்தார். இருவரும் பஸ் ஏறினோம்.

விஞ்ஞானி கூடையைத் திறந்தார். மீன் வெள்ளையாக இருந்தது.

"உப்பு போட்டீங்களா?"

"பின்ன? உப்பு போடாம எட்னு வந்தா நாறிப்பூடாதா சார்? கண்டக்டர் ஏத்துவானா?"

உப்பு மீனின் நீரையெல்லாம் இழுத்துவிட்டது. அந்த நீர் பஸ்ஸிலேயே ஒழுகிப் போயிருந்தது.

"இருந்த துளி விஷமும் அதோட போயிருக்கும்" என்றார் அவர். "வெளிநாட்டுல லேசர் ஒளியப் பாய்ச்சி, துணுக்கிலேர்ந்தே கண்டுபிடிக்கப் பாக்கறாங்க. எங்க மெஷினுக்கு இது பத்தாது."

மச்சான் தன் கையையே பார்த்தார். உப்பு இன்னும் நகக்கண்ணில் இருந்தது.

திரும்பும்போது கடலோரமாகச் சுற்றிப்போகும் பஸ்ஸில் ஏறி முட்டுக்காட்டில் இறங்கினோம். மீன் விற்றவன் புதுக் கூடையோடு கரையில் உட்கார்ந்திருந்தான்.

"என் தங்கச்சி சாவுறாடா. வெத கரச்சியா இல்லியா?"

"இன்னா அண்ணாத்த பேஜாரு பண்ற? வலையில வுழுந்த மீனு."

மச்சான் அவன் கூடையிலிருந்து ஒரு மடவையை எடுத்தார். சுள்ளி பொறுக்கித் தீ மூட்டி அதைச் சுட்டார். நான் சாலையில் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெந்த மீனை அவன் முன் நீட்டினார்.

"துன்னு."

"இப்பதான் சோறு துன்னேன்."

"ஒரு வாய்."

அவன் கை நீளவில்லை. மீன் கூடையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நடந்தான். நாங்கள் சாலைக்கு ஓடினோம்.

"விஷந்தான்" என்றேன் டாக்டரிடம். "காக்காய்க்கொல்லி."

"லேப்ல சொன்னாங்களா?"

"இல்ல. வித்தவன் தின்ன மாட்டேன்னுட்டான்."

கட்டில் மறுபடி தட்டத் தொடங்கியது. அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு நர்ஸிடம் வேறு ஊசி கேட்டார்.