உயரமாக வந்த பந்து

அண்ணை பந்தைப் பிடிக்கும்போது சத்தமே கேட்காது. மற்றவர்களின் கைகளில் அது பளாரென்று அறைந்து நிற்கும். அவருடைய விரல்களுக்குள் வந்து படுத்துக்கொள்ளும். சத்தம் கேட்டால் கை இறுகியிருக்கிறது என்று அர்த்தம் என்பார். பாரிஸில், லாச்சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் அவருக்கு வேலை. சாமான் வண்டியிலிருந்து எறிந்து இறக்கும் பூசணிக்காயையும் அப்படித்தான் வாங்குவார்.

2009இல் ஊரில் போர் முடிந்த மாதங்களில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தொலைபேசியை விட்டு நகரவில்லை. அந்த வீட்டுக்குள் இருக்க முடியாமல்தான் அண்ணையும், பியர்ஃபித்தில் இருந்த மாமாவின் மகனும் பக்கத்துப் புறநகரான சென் தெனியில் ஓர் அமெரிக்கக் கால்பந்துக் கழகத்தில் சேர்ந்தார்கள். பெயர்தான் கால்பந்து. இரண்டு முனையும் கூரான பந்தைக் கையால் எறிந்து கையால் பிடிக்கும் ஆட்டம். மாமாவின் மகன், எனக்கு மச்சான், எறிகிறவர். அண்ணை ஓடிப்போய்ப் பிடிக்கிற ரிசீவர்.

வேகமாக ஓடுகிறவர்தான் நல்ல ரிசீவர் என்று நான் நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்து ஓரத்தில் குளிரில் நின்று பார்த்துப் பார்த்துத்தான் விளங்கியது. அண்ணை திரும்புவதற்கு முன்பே, ஒருவருமில்லாத இடத்தை நோக்கி மச்சான் பந்தை எறிந்துவிடுவார், அண்ணை அங்கே வந்து சேருவார் என்ற நம்பிக்கையில். தனக்குப் பந்து வராது என்று தெரிந்த ஓட்டத்தையும் அண்ணை முழு மூச்சோடு ஓடுவார். எதிரணி அவருக்குப் பின்னால் இழுபட்டுப்போக, வேறொருவருக்கு வழி திறக்கும். பந்து கைக்குள் வரும்வரை கண்ணை எடுக்கமாட்டார். மோத வருகிறவரைத் திரும்பியும் பார்க்கமாட்டார். "அவனைப் பாத்தா பந்து போயிடும்" என்பார்.

அந்த மாசி மாத ஞாயிறும் அவர் பார்க்கவில்லை. மச்சானின் பந்து உயரமாக வந்தது. அண்ணை உடம்பை நீட்டி எம்பினார். கைகள் இரண்டும் தலைக்கு மேலே இருந்த அந்தக் கணத்தில் எதிரணிக்காரர் ஒருவர் மோதினார். விதிக்கு உட்பட்ட மோதல்தான். அண்ணை தலைகீழாக விழுந்தார். நான் ஓடிப்போனபோது பந்து அவருடைய கைக்கும் மார்புக்கும் நடுவில் இருந்தது.

"பிடிச்சிட்டனோ?" என்று கேட்டார். பந்து அங்கே இருப்பது அவருக்குத் தெரியவில்லை.

"ஓம் அண்ணை, பிடிச்சிட்டியள்."

கழுத்துக்குக் கீழே அவருக்கு உணர்வு எதுவும் திரும்பி வரவில்லை. அம்மாதான் ஊட்டிவிட்டார். மச்சான் வேலை முடிந்து நாள் தவறாமல் வருவார். கட்டில் ஓரத்தில் இருந்துவிட்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் எழுந்து போவார். பாதியாக மெலிந்துவிட்டார். ஒரு மாலை அவருக்குத் தாங்கவில்லை. தான் உயர எறிந்ததால்தான் இப்படி ஆனது என்று சொல்லி, சின்னப்பிள்ளை போல அழுதார்.

"இல்லையடா" என்றார் அண்ணை. "பந்து நல்லாத்தான் வந்தது. நான்தான் கொஞ்சம் பிந்திட்டன்."

மச்சான் நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டார். அண்ணையும் அதே பதிலைச் சொன்னார், கடைசியில் கொஞ்சம் எரிச்சலோடு. அன்றைக்குத்தான் மச்சான் எங்கள் வீட்டில் உட்கார்ந்து புட்டுச் சாப்பிட்டார்.

அவர் போன பிறகு, பந்து உயரமாகத்தானே வந்தது என்று கேட்டேன். நான் கண்ணால் கண்டது.

அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். "ஓம், நல்ல உயரம்தான். அதை அவனுக்குச் சொல்லிப்போடாதை, தங்கச்சி."

இரண்டாவது குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, அண்ணை போய்விட்டார்.

இப்போது மச்சானுக்கு இரண்டு பிள்ளைகள். அண்ணையின் திவசத்துக்குக் குடும்பத்தோடு வருவார். படத்துக்கு முன்னால் நின்று, பிரெஞ்சிலேயே பேசும் அந்தப் பிள்ளைகளுக்கு விளங்கட்டும் என்று மெதுவாகத் தமிழில் சொல்வார்: "மாமா மாதிரிப் பிடிக்க ஒருத்தராலயும் ஏலாது. அண்டைக்கு ஒருநாள்தான் கொஞ்சம் பிந்திட்டார்."

சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார்.

"ஓம்" என்பேன். "பிந்திட்டார்."