ஒரே பாய், ரெண்டு கடை

நத்தத்திலிருந்து என் தங்கச்சி மகன் அபின் லீவுக்கு வந்திருக்கிறான். ஒரு தோளில் லேப்டாப் பை, இன்னொரு தோளில் மாம்பழச் சாக்கு. பழம் நசுங்காமல் இருக்க வைக்கோல் போட்டு அடுக்கி அனுப்பியிருக்கிறாள் தங்கச்சி. சாக்கைப் பிரித்ததும் எல்லாரும் பழத்தை எடுத்து மோந்து பார்த்தார்கள். நான் மட்டும் ஒரு பிடி வைக்கோலை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரி ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது பிள்ளைகளா. செத்த நேரம் பொறுங்கள், வைக்கோலுக்கு வருகிறேன்.

என் மகன் ஜோயலுக்கும் அபினுக்கும் ஒரே வயசு. வருஷம் முழுக்கப் போனில் பேசிப் பேசி ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தார்கள். இந்த லீவில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தீவு கட்டுவது. கம்ப்யூட்டரில்தான். கப்பலில் போய் இறங்கி, மரம் வெட்டி, வீடு கட்டி, கொள்ளைக்காரர்கள் வந்தால் சண்டை போடுகிற ஒரு விளையாட்டு. இரண்டு பேரிடமும் அந்த விளையாட்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அபின் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் தீவு எழும்பிவிடும் என்று கணக்கு.

காலையில் பாயை விரித்து முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். நான் பட்டறைக்குப் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து பார்த்தால் வீடு சத்தமே இல்லாமல் கிடக்கிறது. இந்த இரண்டு பேரும் இருக்கிற வீட்டில் சத்தம் இல்லையென்றால் ஒன்று தூக்கம், இல்லை ஏதோ உடைந்திருக்கிறது.

"என்னடா, வெளையாடலையா?"

"முடியலைப்பா. அவன் வேற கடைல எடுத்தது. நான் வாங்கினது வேற கடை."

"வெளையாட்டு ஒன்னுதானடா?"

"ஒன்னுதான். ஆனா அவன் என்னையப் பாக்க முடியாது, நான் அவனையப் பாக்க முடியாது."

"பக்கத்துலதானடா உக்காந்திருக்கான்!"

இரண்டு பேரும் என்னைப் பாவமாகப் பார்த்துச் சிரித்தார்கள். நான் பத்தாவதோடு நின்றவன். எனக்கு விளங்கச் சொல்ல அவர்களுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. இப்போது விளையாட்டை விற்கிற கடைகள் எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கின்றன. ஜோயல் அவனுடைய ஞானத்தாய் கொடுத்த கிறிஸ்துமஸ் காசில் ஒரு கடையில் வாங்கியிருக்கிறான். அபினுக்கு இன்னொரு கடைக்காரன் அதே விளையாட்டைச் சும்மாவே கொடுத்திருக்கிறான். இந்தக் கடையில் வாங்கியவன் இந்தக் கடை ஆட்களோடுதான் விளையாடலாம், அந்தக் கடையில் எடுத்தவன் அந்தக் கடை ஆட்களோடுதான். சேர்ந்து விளையாட வேண்டுமென்றால் இரண்டு பேரில் ஒருவன் மறுபடியும் காசு கொடுத்து மற்றவன் கடையில் வாங்க வேண்டும்.

"அவன் எதுக்குடா சும்மா குடுக்கான்?"

"அவன் கடைக்கு ஆள் சேக்குறதுக்கு மாமா. சில வெளையாட்டை எங்க கடைல மட்டுந்தான் கெடைக்கும்னு காசு குடுத்துப் பிடிச்சு வச்சுக்கிருவாங்க. ரெண்டு கடைக்கும் போட்டி."

முருங்கைக்காய் வெஞ்சனம், எனக்குப் பிடித்தது. ஆனாலும் கோபத்தில் தட்டைத் தள்ளி வைத்தேன். இந்தக் கோபம் புதுக் கோபம் இல்லை. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர் பேகம்பூர் ரோட்டில் வந்த கோபம்.

அப்போது நான் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இன்றைக்கும் அதே வேலைதான், பட்டறை மட்டும் என்னுடையது. எங்கே போனாலும் காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் வாசனையும் என்னோடு வரும். சாயங்காலம் வேலை முடிந்ததும் கையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல் ஓடுவேன். எங்கே? கேம் கடைக்கு. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் அன்றைக்கு யார்? மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு உட்கார்ந்து விளையாட வேண்டியதுதான்.

எதிரெதிரே இரண்டு கடை. இரண்டுமே மாடியில், நடுவில் ரோடு. இந்தப் பக்கம் அருளண்ணன் கடை. வாத்தியார் மகன், எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. அந்தப் பக்கம் கபூர் பாய் கடை. கீழே தோல் குடோன் இருந்ததால் அவர் கடைக்குப் போய்வந்தவனை வாசனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். என் பள்ளிக்கூடத்துச் சேக்காளி சிக்கந்தர், கபூர் பாய்க்கு அக்கா மகன். நான் போனால் அவனும் நானும்தான் எதிரெதிர் கட்சி. படை திரட்டுகிற ஒரு விளையாட்டு. ஆளுக்கொரு ஊரைக் கட்டி, ஆள் சேர்த்து, அடுத்தவன் ஊரைப் பிடிக்க வேண்டும். என் ஆட்கள் விறகு வெட்டிக்கொண்டு இருக்கும்போதே சிக்கந்தர் என் ஊரைக் கொளுத்திவிடுவான். ஒரு தடவைகூட ஜெயித்ததாக ஞாபகம் இல்லை. ஆனாலும் போவேன். அவன் கொளுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பான் பாருங்கள், அந்தச் சிரிப்பை நிறுத்த வேண்டும் என்பதற்காகவே போவேன்.

இரண்டு கடைக்கும் போட்டி இருந்தது. பலமான போட்டி. கபூர் பாய் பிளாஸ்டிக் நாற்காலியில் மெத்தை கட்டினார். அருளண்ணன் ஏர் கூலர் வாங்கினார். கபூர் பாய் வெள்ளிக்கிழமை தோறும் நன்னாரி சர்பத் ஊற்றினார். அருளண்ணன் ஞாயிற்றுக்கிழமை தோறும் முறுக்குத் தட்டு வைத்தார். எங்களுக்கு என்ன கஷ்டம்? வெள்ளிக்கிழமை சர்பத் குடித்தோம், ஞாயிற்றுக்கிழமை முறுக்குக் கடித்தோம். போட்டி என்றால் அதுதான் பிள்ளைகளா. கடைக்காரனுக்கு வேர்க்க வேண்டும், வருகிறவனுக்குக் காற்று வர வேண்டும்.

ஒருநாள் அது மாறியது. அருளண்ணன் அந்தப் படை விளையாட்டின் புதுப் பாகத்தைச் சென்னையிலிருந்து வரவழைத்தார். ஊருக்கே முதல் டிஸ்க். கதவில் ஒரு அட்டை தொங்கவிட்டார். "எதிர்க்கடைக்குப் போகிறவர்களுக்கு இங்கே இடமில்லை." அதைப் படித்த கபூர் பாய்க்குப் பொறுக்குமா? மறுநாளே அவரும் டிஸ்க் வாங்கி, அவரும் ஒரு அட்டை. அன்றைக்கு நான் அருளண்ணன் கடைக்குள் உட்கார்ந்திருந்தேன், சிக்கந்தர் அவன் மாமா கடைக்குள். அத்தோடு மாட்டிக்கொண்டோம். அவன் மாமா கடையை விட்டு எப்படி வருவான்? நான் அங்கே போனால் இங்கே இருக்கிற மற்ற சேக்காளிகளை விட வேண்டும். இரண்டு கடையிலும் ஒரே விளையாட்டு. ஜன்னலைத் திறந்தால் அவன் முகம் தெரிகிறது. "ஏலே, வெறகு வெட்டி முடிச்சுட்டியா?" என்று அங்கேயிருந்து கத்துகிறான். அவனோடு மட்டும் விளையாட முடியாது.

நீங்களே சொல்லுங்கள், சர்பத்தும் முறுக்கும் எதற்கு? விளையாடுகிறவனுக்குச் சேக்காளிதான் முக்கியம். கடைக்காரர்கள் எங்களுக்காகப் போட்டி போட்டபோது இரண்டு பேரையும் பிடித்தது. எங்களையே பிடித்து வைத்துக்கொண்டு போட்டி போட ஆரம்பித்ததும் கசந்துவிட்டது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து நான் மாடி ஏறவில்லை. கீழே டீக்கடை ஓரமாக நின்றேன். சிக்கந்தரும் எதிர் மாடியிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றான். வந்தவனையெல்லாம் "நில்லு, ஏறாத" என்றோம். கொஞ்ச நேரத்தில் இரண்டு கடைக்கும் போகிற மொத்தப் பேரும் ரோட்டோரத்தில். அருளண்ணன் மாடி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, கரண்டு இருக்குல்ல? வாங்க மேல."

"வரலைண்ணே."

"ஏன், அந்தப் பக்கம் போறீகளோ?"

"அங்கயும் போகலைண்ணே."

எதிர் மாடியிலிருந்து கபூர் பாய், "டேய் சிக்கந்தர், அங்கன என்னடா பண்ற? கடையத் தொறந்து வச்சுட்டு ஈ ஓட்டுறேன் நான்!"

"மாமு, ரெண்டு கடையவும் சேத்து விடுங்க. அப்பத்தான் வருவோம்."

"கடை என்ன ரயில் பொட்டியா, சேத்து விடுறதுக்கு?"

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். பயம்தான், ஆனால் வயர் விஷயம் என்றால் எனக்குக் கொஞ்சம் துணிச்சல் வரும். "பாய், ஒரு கேபிள் போதும். இந்த ஜன்னல்லருந்து அந்த ஜன்னலுக்கு இழுத்துட்டா அம்புட்டுத்தான். அவக அவக கடைல உக்காந்து, அவக அவகளுக்குக் காசு குடுத்து, சேந்து வெளையாடுவோம்."

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். நாங்களும் நின்றோம். வெயில் ஏறியது. டீக்கடைக்காரருக்கு மட்டும்தான் அன்றைக்கு நல்ல வியாபாரம். கடைசியில் அருளண்ணன்தான், பல மாசம் கழித்து முதல் தடவையாக, ரோட்டைத் தாண்டிக் குரல் கொடுத்தார்.

"பாய், வயரு வெலை பாதிப் பாதி."

"ஏன், முழுசாக் குடுக்க எனக்கு வக்கில்லையா?"

அதிலும் போட்டி.

நானே ஏறிக் கட்டினேன். அருளண்ணனின் தம்பி, கம்ப்யூட்டர் படித்தவர், மற்றதையெல்லாம் பார்த்துக்கொண்டார். திரையில் சிக்கந்தர் பெயர் வந்து நின்றபோது இரண்டு மாடியிலும் எழுந்த சத்தத்தில் கீழே மாடு மிரண்டது. என் ஆட்கள் விறகு வெட்டத் தொடங்கினார்கள். சிக்கந்தர் படை கிளம்பி வருகிறது, வருகிறது, என் ஊர் வாசலுக்கு வந்துவிட்டது. பொசுக்கென்று எல்லாம் நின்றுபோனது.

வெளியே ஓடிப் பார்த்தால், சித்தையன்கோட்டைப் பக்கமிருந்து வந்த வைக்கோல் லாரி. மலைபோல ஏற்றிக்கொண்டு வந்தது, எங்கள் கேபிளையும் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போகிறது. ரோடெல்லாம் வைக்கோல். "ஏய், நிறுத்துடா!" என்று லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கபூர் பாய் ஓட, பின்னாலேயே இஸ்திரி போட்ட சட்டையோடு அருளண்ணன் ஓடினார். திரும்பி வரும்போது கேபிளின் ஒரு முனை இவர் கையில், மறு முனை அவர் கையில், இரண்டு பேர் தலையிலும் வைக்கோல். அப்படியே டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"லாரிக்காரனுக்கு ரெண்டு கடையும் ஒன்னுதான் பாய்," என்றார் அருளண்ணன்.

அடுத்த தடவை மொட்டைமாடிக் கம்பியில் ரொம்ப உயரத்தில் கட்டினேன். அட்டைகள் இரண்டும் அன்றைக்கே இறங்கின. கூலரும் சர்பத்தும் அப்படியே இருந்தன. சொல்லப்போனால், அன்றைக்குச் சிக்கந்தர் என் ஊரைப் பிடிக்கவில்லை. லாரி காப்பாற்றியது. அதை இன்றுவரை வெற்றிக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டு, பட்டறைப் பெட்டிக்குள் வைத்திருந்த அந்தக் கேபிள் துண்டைக் கொண்டுவந்து பாயில் போட்டேன். அபின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, இத எங்க சொருகுறது?"

அவன் லேப்டாப்பில் அதற்கு ஓட்டையே இல்லை. இப்போது வருகிற லேப்டாப்பில் எடுத்துவிட்டார்களாம். ஜோயலுடையதில் இருந்தது. "ஓட்டை இருந்தாலும் பிரயோசனம் இல்லப்பா," என்றான் ஜோயல். "ரெண்டு கம்ப்யூட்டரும் நேராப் பேசிக்கிறதுக்கு வெளையாட்டுலயே வழி வைக்கல. கடை வழியாத்தான் போகணும்."

நான் இன்னொரு தடவை வாங்கித் தரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் அன்றைக்கு ரோட்டோரத்தில் நின்றதற்கு அர்த்தம் இல்லை. அதற்குள் ஜோயல் லேப்டாப்பை இழுத்து அவன் கடையில் அந்த விளையாட்டுக்குக் கீழே, வாங்கினவர்கள் கருத்து எழுதுகிற இடத்தில், எழுத ஆரம்பித்தான். அபின் அவன் கடையில் அதே மாதிரி ஒரு இடத்தைத் தேடிப் பிடித்து, ஜோயல் சொல்லச் சொல்ல அதையே எழுதினான்.

"நாங்க ரெண்டு பேரும் ஒரே பாய்ல உக்காந்திருக்கோம். ஒரே வெளையாட்டு. சேத்து விடுங்க. அதுவரைக்கும் ரெண்டு கடைலயும் எதுவும் வாங்க மாட்டோம். சும்மா குடுத்தாலும் வேண்டாம்."

கடைசி வரி அபினுடையது. சும்மா வாங்கினவன் அவன்தானே, அதை அவன் எழுதியது எனக்குப் பெருமையாக இருந்தது. அனுப்புவதற்கு முன்னால் அவனுக்கு ஒரு சந்தேகம்.

"தமிழ்ல எழுதினா அவங்களுக்குப் புரியாதே மாமா?"

"கேட்டுத் தெரிஞ்சுக்கிரட்டும்டா. கடைக்காரன் இங்கிலீஷ்ல எழுதி வச்சிருந்த நிபந்தனையெல்லாம் புரிஞ்சுதானா நீங்க சம்மதம்னு அமுக்குனீங்க?"

சாயங்காலம் பார்த்தபோது கீழே யாரோ முகம் தெரியாத பிள்ளைகள் "நாங்களும்" என்று எழுதியிருந்தார்கள். ஒரு பிள்ளை, தன் அக்கா இன்னொரு கடை என்றும், இரண்டு பேரும் ஒரே கட்டிலில் என்றும் எழுதியிருந்தது. கடைக்காரனிடமிருந்து சத்தமே இல்லை.

நேற்று பேகம்பூர் பக்கம் வேலையாகப் போனேன். கபூர் பாய் கடை இருந்த மாடியில் செல்போன் உறை விற்கிறார்கள். அருளண்ணன் மாடி பூட்டிக் கிடக்கிறது. டீக்கடையும் இல்லை. ரோட்டுக்கு மேலே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு இப்போது எத்தனையோ கேபிள்கள் போகின்றன, கொத்துக் கொத்தாக, ஆகாயம் தெரியாத அளவுக்கு. எங்களுடையது அதில் இல்லை. ஆனால் போனதில் பெரிசு அது இல்லை. அன்றைக்குக் கடைக்கு ஒரு வாசல் இருந்தது. நாங்கள் உள்ளே வராமல் நிற்பதைக் கடைக்காரர் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தால் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இப்போதைய கடைக்கு வாசல் இல்லை. நின்றாலும் எட்டிப் பார்க்க ஒரு முகம் இல்லை.

அதனால் என்ன? வீட்டில் பாய் இருக்கிறது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு லேப்டாப்பும் மூடிக் கிடக்கின்றன. சாக்கில் பழம் தீர்ந்து வைக்கோல்தான் மிச்சம். இரண்டு பேரும் அந்தப் பாயிலேயே முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். எந்திரிக்கவில்லை.