செல்வி அக்கா கடைச் சோற்றில் உப்பு காணாமல் போனபோது...

அந்த பிளான்ட் ரூமுக்குள் கால் வைத்தாலே உதட்டில் உப்புக் கரிக்கும். பம்ப் ஓடும்போது பக்கத்தில் நின்று பேசினாலும் கேட்காது. வெளியே வந்தால் ஐஸ் பிளான்ட் பக்கமிருந்து மீன் வாடை... என் முதல் வேலை அங்கேதான்.

ஜெகதாப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் ஊர். கிணற்றுத் தண்ணீர் முழுக்க உவர். அதை நல்ல தண்ணீராக்கித் தெருக்குழாயில் விட ஒரு ஆர்ஓ பிளான்ட் போட்டிருந்தார்கள். அதற்கு ஆபரேட்டர் நான். சொந்த ஊர் கந்தர்வக்கோட்டை. முந்திரிக்காட்டில் வளர்ந்தவள், அதுவரை கடலைக் காலண்டரில் பார்த்ததோடு சரி.

தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுகிற டிடிஎஸ் மீட்டர் ஒன்று கையில் கொடுத்திருந்தார்கள். பேனா சைஸில் இருக்கும். சும்மா இருப்பேனா? கிணறு, குளம், இளநீர், டீக்கடையில் கிளாஸ் கழுவும் வாளி... எதையும் விடவில்லை. ஒரு நாள் ரசத்தில் விடப்போய், "ஏம்மா, ரசத்துக்குக் காய்ச்சலா பாக்குற?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

திட்டியவர் செல்வி அக்கா. துறைமுகம் போகிற வழியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கரைக்கு வரும் விசைப்படகு ஆட்கள் அங்கேதான் சாப்பிடுவார்கள், நானும்தான். அந்த ஒரு கடையை வைத்துத்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

புதுத் தண்ணீர் வந்ததும் கிணற்றை விட்டு முதலில் மாறியவர் அவர். "பருப்பு என்னமா வேகுது பாரு!" என்று ஒரே பூரிப்பு.

அந்தப் பூரிப்பு நிலைக்கவில்லை.

"என்னக்கா, சாப்பாடு சப்புனு இருக்கு?" என்று முதலில் ஒருவர் கேட்டார். பிறகு எல்லோரும் கேட்டார்கள். அக்கா குழம்பில் உப்பைக் கூட்டினார். குழம்பு கரித்தது, சோறு அப்படியே சப்பென்று கிடந்தது. "செல்விக்குக் கை மாறிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே ஆட்கள் அடுத்த கடைக்கு நகர ஆரம்பித்தார்கள். ஊரில் வேறொரு பேச்சும் கிளம்பியது. மெஷின் தண்ணீர் சாப்பாட்டில் இருக்கிற உப்பை எல்லாம் உறிஞ்சிவிடுமாம்!

அக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போய் வந்தவர்கள் சாப்பிட்டு எழும்வரை சமைத்ததில் ஒரு பருக்கையைக்கூட வாயில் வைக்க மாட்டார். அதற்கப்புறம் ஆறிப்போன மிச்சத்தைக் குழம்போடு பிசைந்து அவசரமாக விழுங்குவதோடு சரி. உப்பெல்லாம் கை அளவு, மூக்கு அளவுதான். அதனால் என்ன குறைகிறது என்று அவருக்கே பிடிபடவில்லை.

ஒரு நாள் காலையில் கரண்டியும் கையுமாக பிளான்ட் வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, நாளையிலேருந்து நான் கெணத்துத் தண்ணிக்கே போறேன். இப்படியே போனா கடையச் சாத்திட்டு ரெண்டு பொம்பளப் புள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்கிட்டுப் போவேன்?"

எனக்குப் பாவமாக இருந்தது. கூடவே ஒரு குடைச்சல்... சுத்தமான தண்ணீர் போய்ச் சோற்றை என்னதான் செய்துவிட முடியும்? பம்ப்பை நிறுத்திவிட்டு அவர் பின்னாலேயே நடந்தேன்.

அடுப்படியில் நின்று வேடிக்கை பார்த்தேன். அக்கா உலை வைத்தார். கொதித்ததும் அரிசியைக் களைந்து போட்டார், மூடினார்.

"அக்கா, சோத்துக்கு உப்பு?"

"சோத்துல யாராச்சும் உப்புப் போடுவாகளா?"

"எங்க ஊர்ல போடுவோமே!"

"எங்க ஆத்தாவும் போட்டதில்ல, நானும் போட்டதில்ல. இத்தன நாளும் நல்லாத்தான இருந்துச்சு?"

எனக்குப் பொறி தட்டியது. மூலையில் ஒரு குடத்தில் கிணற்றுத் தண்ணீர் மிச்சம் இருந்தது. கொஞ்சம் எடுத்து ஒரு சட்டியில் ஊற்றிச் சுண்டக் காய்ச்சினேன். அடியில் வெள்ளையாகப் படிந்தது. அக்கா அதை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார்.

"அடியாத்தி... உப்பு! அப்ப என் கை மாறலையா?"

"கை மாறலக்கா. தண்ணிதான் மாறியிருக்கு."

அவர் சிரித்தார், கண்ணும் நிறைந்துவிட்டது. அத்தனை வருடமும் சோற்றுக்கு உப்புப் போட்டது அந்தக் கிணறுதான்.

சரி, எவ்வளவு உப்பு போடுவது? ஒரு பருக்கை ருசி பாருங்கள் என்றேன், மாட்டேன் என்றுவிட்டார். கடைசியில் என் மீட்டர்தான் உதவியது. கிணற்றுத் தண்ணீரில் விட்டு அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டேன். பிறகு ஒரு பானை குழாய்த் தண்ணீரில் அதே எண் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக உப்பைப் போட்டுக் கலக்கினேன். மெஷின் வைத்துப் பிரித்தெடுத்த உப்பை நானே திரும்பக் கலக்கிக்கொண்டிருக்கிறேனே என்று சிரிப்புத் தாங்கவில்லை!

அந்தத் தண்ணீரில் புதிதாக உலை வைத்து வடித்தார் அக்கா. மிச்சமிருந்த ஆட்கள் மதியம் வந்து உட்கார்ந்தார்கள். நாங்கள் இருவரும் அடுப்படி வாசலிலேயே நின்றோம். ஒரு படகு டிரைவர் முதல் வாய் வைத்தார். இலையை வழித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அக்கா, இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்க."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சோற்றுச் சட்டியைத் தூக்கினார். எனக்கும் கண் கலங்கியது. போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். தெருவில் குழாய்த் தண்ணீருக்கு மாறிய மற்ற வீடுகளிலும் சோற்றுக்கு உப்புப் போட ஆரம்பித்தார்கள்.

இப்போது எனக்கு ஒரு தீவில் வேலை. கடல் தண்ணீரையே குடிதண்ணீராக்கும் பெரிய பிளான்ட். ஏசி ரூமில் உட்கார்ந்தால் எல்லாம் ஸ்கிரீனில் வந்துவிடும். குறை இருந்தால் ஆப்பில் கம்ப்ளைன்ட் வரும், அதற்கு ஒரு நம்பர் இருக்கும், பெயர் இருக்காது. கரண்டியோடு யாரும் வாசலுக்கு வருவதில்லை.

போன வாரம் அக்காவுக்குப் போன் போட்டேன். மகள்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்களாம். கடையை இன்னும் விடவில்லையாம்.

"அந்தத் தீவுல தண்ணி எப்படிம்மா?"

"சூப்பரா இருக்குக்கா."

"அங்க சனங்க சோத்துக்கு உப்புப் போடுதுகளா?"

எனக்குத் தெரியவில்லை. இங்கே வந்து இத்தனை காலமாகிறது, இன்னும் ஒரு வீட்டு அடுப்படியைக்கூட நான் பார்த்ததில்லை.