கிளிசராலில் வளராது

ஓசூரில் வாடகை வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டின் மரபணுத் தகவல்தளம் ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். எந்த மரபணுவை நீக்கினால் ஈஸ்ட் செல்லுக்கு என்ன ஆகிறது என்று ஆய்வுக் கட்டுரைகளில் படித்துப் பதிய வேண்டும். சூடு தாங்காது, மெதுவாக வளரும், உயிர் வாழாது என்பது போல. வெளியே கம்பெனி பஸ்கள் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும்.

சாமல்பட்டியில் இருக்கும் அக்கா, மகளை பெங்களூரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் என் வீட்டில்தான் தங்குவாள். இரண்டு வயதாகியும் குழந்தைக்குத் தலை நிற்கவில்லை. ஒரு மாலை பரிசோதனை முடிவோடு வந்தாள். அதிலிருந்த மரபணு எனக்குப் பழக்கமானது. ஈஸ்ட்டிலும் அது உண்டு, நானே பதிந்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் ஆக்சிஜனை வைத்துச் சக்தி எடுக்கும் வேலை நின்றுபோகும்.

விஷயத்தைச் சொன்னேன். அக்கா குழந்தையின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அது இல்லன்னா ஈஸ்ட்டு செத்துடுமா?"

"சர்க்கரை போட்டா சாகாதுக்கா. கிளிசரால்னு வேற ஒண்ணு இருக்குது, அதுல சக்தி எடுக்க ஆக்சிஜன் வேணும். அத மட்டும் போட்டா வளராது."

"அப்ப சர்க்கரை குடுத்தா இவளும் இருப்பா இல்ல?"

ஈஸ்ட் வேறு, குழந்தை வேறு என்றேன். மறுநாள் காலை பாலில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை கூடுதலாகப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். டாக்டருக்குப் போன் செய்து கேட்டேன். கெடுதல் இல்லை, பலனும் இருக்காது என்றார். அக்காவிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

மழைக்காலத்தில் சளி கட்டிக் குழந்தை இறந்துபோனது. பங்குச்சாமியார் ஜெபிக்கும்போது மச்சான் அழுதார். அக்கா குனிந்து குழந்தையின் சாக்ஸை இழுத்துவிட்டாள். எனக்குப் பசித்தது. கல்லறையிலிருந்து திரும்பியதும் கை கழுவிவிட்டுச் சாப்பிட்டேன்.

வேலைக்குத் திரும்பிய வாரம், அதே மரபணுவைப் பற்றிய புதுக் கட்டுரை என் பங்கில் வந்திருந்தது. மேலதிகாரிக்கு நடந்தது தெரியும். வேறு யாரிடமாவது கொடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாமென்றேன். இந்த முறை மரபணுவை நீக்காமல், அதன் டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்தை மாற்றியிருந்தார்கள். குழந்தைக்கு இருந்த அதே மாற்றம். கிளிசராலிலும் ஈஸ்ட் கொஞ்சம் வளர்ந்திருந்தது. 'சுவாச வளர்ச்சி குறைவு' என்பதற்கான சொல்லைத் தேர்ந்தெடுத்துப் பதிந்தேன். 

சாயங்காலம் அக்கா போனில் பேசினாள். புதுசாக ஏதாவது கண்டுபிடித்திருக்கிறார்களா என்று கேட்டாள். கட்டுரையில் இருந்ததைச் சொன்னேன்.

"முழுசா சாகலியா?"

"இல்லக்கா. கொஞ்சம் கொஞ்சமா வளருது."

சரி என்றாள். மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று வைத்துவிட்டாள்.