முருங்கை மரத்தடியில் ஒரு பொய்ச் சமாதி

என் அப்பாவை ஊரில் எல்லாரும் நல்லவர் என்பார்கள். நல்லவர்தான். நல்லவரோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்குத்தான் அதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று தெரியும்.

சிராங்கூன் சாலையிலிருந்து ஃபேரர் பார்க் பக்கம் திரும்பும் சந்து ஒன்றில் எங்கள் வாடகை வீடு இருந்தது. அப்பா மெட்ராஸில் படித்துவிட்டு வந்த மிருக டாக்டர். வெள்ளைக்காரர் ஒருவர் நடத்திய ஆஸ்பத்திரியில் இரண்டாவது டாக்டராக இருந்தார். இரண்டாவது டாக்டர் என்றால் வேறொன்றுமில்லை, பெரிய டாக்டர் நாயைத் தட்டிக்கொடுப்பார், அப்பா ஊசி போடுவார்.

ஐம்பதுகளில் சிங்கப்பூருக்கு வந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் இரண்டு மூன்று வருஷம் இருந்துவிட்டுக் கப்பலேறிவிடும். போகும்போது மேசை நாற்காலிகளை விற்பார்கள், பூந்தொட்டிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பார்கள், நாயை மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவார்கள். வேறு யாரிடமும் விட்டுப்போக மனசில்லை, அதனால் ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடுங்கள் என்பார்கள். மனசில்லையாம். அந்த மனசை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

உள்ளே வந்து நிற்க அவர்களுக்குத் தைரியம் கிடையாது. வாசலில் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து நாயின் கழுத்துப்பட்டையைக் கழற்றிக் கொண்டுவந்து கையில் கொடுக்க வேண்டும். அதுதான் வழக்கம். வாங்கிக்கொண்டு காரில் ஏறிப் போய்விடுவார்கள். நோய்நொடி இல்லாத மிருகத்தைக் கொல்ல அப்பாவுக்குக் கை வரவில்லை, முடியாது என்று சொல்ல வாயும் வரவில்லை. அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டை முன்வாசல் வழியாகப் போகும், நாய் பின்வாசல் வழியாக எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்.

இப்படிச் செத்துப்போனவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். நான்கு நாய்கள், மூன்று கால் பூனை, ஒரு கண் போன குரங்கு, யாரோ ஒரு கேப்டனின் குரலில் இங்கிலீஷ் கெட்ட வார்த்தை பேசும் வெள்ளைக் கிளி. விருந்தாளிகள் வரும்போது கிளிக்கூண்டின் மேல் அம்மா தன் பழைய சேலையைப் போர்த்திவிடுவாள். தேக்கா மார்க்கெட்டிலிருந்து மீன் தலையும் ஆட்டெலும்பும் தூக்கி வந்தது அம்மா. வேகவைத்தது அம்மா. குரங்கு பிய்த்துப் போட்ட ஓட்டுக்கு வீட்டுச் சொந்தக்காரரிடம் பேச்சு வாங்கியதும் அம்மாதான்.

"பாவம்லா, வாயில்லா ஜீவன்," என்பார் அப்பா.

"வாயில்லைன்னு யார் சொன்னா? மூணு வேளையும் தெறந்துக்கிட்டுதானே இருக்கு," என்பாள் அம்மா.

அல்சேஷன் நாய் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. ராணுவ அதிகாரி ஒருவரின் வீட்டு நாய் அது. கன்றுக்குட்டி உயரம் இருந்ததால் முதல் வாரம் முழுக்க அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கதவிடுக்கு வழியாகத்தான் தட்டைத் தள்ளினாள். அது அவளை ஒன்றும் செய்யவில்லை. கதவுக்கு வெளியே படுத்துக்கொண்டு, அவள் எழுந்தால் எழுந்தது, அவள் உட்கார்ந்தால் உட்கார்ந்தது. இந்த நாட்டில் அம்மாவுக்கென்று யாரும் இல்லை. அவள் உறவெல்லாம் கடல் தாண்டிக் கிடந்தது. அப்பா வேலைக்கும் நான் பள்ளிக்கும் போனபின் வாயைத் திறந்து பேச அவளுக்கு ஆளில்லை. ஒரு மாதம் கழித்து நான் பள்ளிவிட்டு வந்தபோது, நாற்றம் தெரியாமல் கருவாடு வாங்கி ஏமாந்த கதையை அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மிருகங்களைப் பழைய பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். யார் காதிலாவது விழுந்து பெரிய டாக்டர் வரைக்கும் போய்விடும் என்று அப்பாவுக்குப் பயம். அம்மா அதை 'ஐயா' என்று கூப்பிட்டாள். "ஐயா, எந்திரிங்க, வீடு கூட்டணும்" என்பாள். எழுந்துவிடும். அவள் இருமினால் காதைத் தூக்கும். அப்பா ஒருநாள் சாம்பாரில் உப்பில்லை என்று குரலை உயர்த்தினார். நாய் அவரைப் பார்த்து உறுமியது. அன்றோடு எங்கள் வீட்டில் உப்பு சரியாகிவிட்டது.

மூன்று வருஷம் போனது. ஒருநாள் மத்தியானம் அப்பா திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி முகத்தோடு வீட்டுக்கு வந்தார். அந்த அதிகாரிக்கு மறுபடியும் சிங்கப்பூருக்கே வேலை மாற்றலாகிவிட்டது. அவர் மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்து, என் நாயை எங்கே புதைத்தீர்கள், பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். பெரிய டாக்டர் பக்கத்தில் நிற்கிறார். எரித்துவிட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். அப்பாவுக்கு அவசரத்தில் பொய்யிலும் நல்லவராக இருக்க வேண்டியிருந்தது. என் வீட்டுத் தோட்டத்திலேயே மரியாதையாகப் புதைத்தேன் என்று சொல்லிவிட்டார்.

"நாளைக்குக் காலையில அந்தம்மா பூ கொண்டுக்கிட்டு வராங்க," என்றார்.

"வரட்டும். உண்மையைச் சொல்லிட்டு நாயை நாமே வச்சுக்கிறோம்னு கேளுங்க," என்றாள் அம்மா.

"வேலை போயிடும். ஒனக்குப் புரியாது."

உனக்குப் புரியாது என்பதெல்லாம் பயந்தவர்கள் சொல்வது. மறுநாள் விடிந்ததும் அப்பா முருங்கை மரத்தடியில் மண்ணைக் குவித்தார். சுற்றிலும் செங்கல் பதித்தார். படித்த மனிதர், உயிரோடிருக்கும் நாய்க்குச் சமாதி கட்டினார். நாய் பக்கத்தில் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்தது. அப்புறம் அம்மா அதைக் கூட்டிக்கொண்டு போய் அடுத்த சந்துப் பால்காரரின் மாட்டுக்கொட்டகையில் கட்டிவிட்டு வந்தாள். மற்ற நாய்களையும் குரங்கையும் அறைக்குள் அடைத்தோம்.

அந்த அம்மாள் தொப்பியோடு வந்தாள். மண்மேட்டைப் பார்த்ததும் அழுதாள். பொய்யழுகை என்று சொல்ல மாட்டேன், மூக்கெல்லாம் சிவந்துவிட்டது. முழங்காலிட்டுப் பூவை வைத்து, நாயின் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டாவது தடவை சத்தமாகவே கூப்பிட்டாள். வேலிக்கு அப்பால் மாடுகள் கத்தின, பால்காரர் "ஏய், ஏய்" என்றார். அறுந்த கயிறு கழுத்தில் தொங்க, நாய் வேலியைத் தாண்டி அந்தப் பூவின் மேலேயே வந்து குதித்தது.

அவள் வீறிட்டாள். பிறகு சிரித்தாள், அழுதாள், நாய் அவள் முகத்தையெல்லாம் நக்கியது. சந்தோஷமெல்லாம் அடங்கியபின் அப்பாவைப் பார்த்தாள். என்னிடம் பொய் சொன்னீர்கள் என்று இங்கிலீஷில் சொன்னாள். உயிரோடு வைத்திருந்ததற்கு நன்றி என்று ஒரு வார்த்தை வரவில்லை. அப்பா கைகட்டி நின்றார். கார்க் கதவைத் திறந்ததும் நாய் தாவி ஏறிக்கொண்டது. அம்மா வாசல் வரைக்கும் போய் "ஐயா" என்றாள். அது திரும்பிப் பார்க்கவில்லை. நாய்க்கு நன்றி உண்டு என்கிறார்களே, யாருக்கு என்று யாரும் சொல்வதில்லை.

பெரிய டாக்டருக்கு விஷயம் போயிற்று. வேலை போகவில்லை. இனிமேல் இப்படி நடக்கக் கூடாது என்று எச்சரித்துவிட்டார். அப்பா வீட்டுக்கு மிருகங்களைக் கொண்டுவருவதும் அன்றோடு நின்றது. நின்றது என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். பின்வாசல் மூடிவிட்டது, இனி ஊசிதான்.

இரண்டு வருஷம் கழித்து அந்தக் குடும்பம் மறுபடியும் கப்பலேறியது. அப்பா சாப்பிட உட்கார்ந்து, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நாளைக்குக் காலையில கொண்டாராங்க. இந்தத் தடவை பக்கத்துலயே நிப்பாங்களாம்."

அம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். மறுநாள் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது என்றாள். விடிந்ததும் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதுவரை அவள் அந்த வாசலை மிதித்ததே இல்லை. நாய் மூக்கெல்லாம் நரைத்து, அந்த அம்மாளின் காலடியில் படுத்திருந்தது. அம்மாவைக் கண்டதும் எழுந்து வந்து, அவள் கொசுவத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது.

"நான் வச்சுக்கறேன்னு சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்னு சொல்லு," என்றாள் இங்கிலீஷ் தெரிந்த என்னிடம்.

சொன்னேன். வயதாகிவிட்டது, மறுபடியும் வீடு மாற்றினால் ஏங்கிப்போய்விடும், அந்தக் கொடுமையை நான் செய்ய மாட்டேன் என்றாள் அந்த அம்மாள். நிதானமாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள். நான் அம்மாவிடம் சொன்னேன்.

"ஏங்கித்தான் சாகட்டுமே. எங்க வீட்டுல, எங்கிட்ட சாகட்டும்னு சொல்லு."

அதையும் அப்படியே சொன்னேன். அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே எல்லாம் தயாரா என்று பெரிய டாக்டரைக் கேட்டாள். பெரிய டாக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். நானும் அம்மாவும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். "யெஸ் மேடம்" என்றார் அப்பா.

எங்களை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். நாய் உள்ளே போகாமல் நின்றது. அந்த அம்மாள் இழுத்தும் போகவில்லை. அப்பா வந்து முதுகில் கை வைத்ததும் அவரோடு நடந்து போனது. நெடுநேரம் ஆகவில்லை.

சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்து, கைகால் கழுவிவிட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். அம்மா சோற்றுப் பானையோடு நின்றாள்.

"உங்க கை நடுங்குச்சா?"

"இல்ல," என்றார் அப்பா. "நடுங்குனா அதுக்கு வலிக்கும்."

"அந்தம்மாகிட்ட ஒரு தடவை முடியாதுன்னு சொல்லியிருந்தா, யாருக்கு வலிச்சிருக்கும்?"

அப்பா தட்டை முன்னால் நகர்த்தினார். அம்மா சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள். அவர் பிசைந்து சாப்பிட்டார். மறுசோறும் வாங்கிக்கொண்டார். ஊசி போட்டதைக்கூட மன்னித்துவிட்டேன், அந்த மறுசோற்றை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.