வலது பக்கத்துப் பலகை

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபோது, அவளுக்காகக் குளியலறையில் ஒரு மர அலமாரி செய்வது என்று முடிவெடுத்தேன். அதன்மேல் முகம் கழுவும் தொட்டி, அடியில் முழங்கால் நுழைய இடம். முக்காலியில் உட்கார்ந்தபடி யார் தயவும் இல்லாமல் அவளே முகம் கழுவ வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் வரைபடம் போட்டவன் நான். எனக்கு இது ஒரு வேலையா என்ற திமிர் இருந்தது. அவளை உட்கார வைத்து முழங்கால், முழங்கை, கண் எல்லாவற்றின் உயரத்தையும் அளந்தேன். கடைகளில் விற்கும் அலமாரிகள் தரையில் நிற்பவை. எங்கள் வீட்டில் வாளியில் தண்ணீர் பிடித்து மொண்டு ஊற்றித்தான் குளிப்போம். ஒரே வருடத்தில் அடிப்பலகை உப்பிவிடும். அதனால் சுவரில் மாட்டித் தொங்கவிடுவது என்று வரைந்தேன்.

கிள்ளான் மரக்கடையில் சீனக் கடைக்காரர் வரைபடத்தைப் புரட்டிப் பார்த்தார். "பாத்ரூமுக்கா? செங்கால் மரம் எடு லா, அங்கிள். தண்ணிக்கு ஒண்ணும் ஆகாது," என்றார். இரும்பு மாதிரி கனம். கார் நிறுத்துமிடத்தில் வைத்து மூன்று வாரம் அறுத்தேன், இழைத்தேன். வெட்டிய முனைகளுக்கெல்லாம் இரண்டு தடவை பூச்சு அடித்தேன். கால் இடிக்காதபடி கழிவுக் குழாயைச் சுவரோரம் தள்ளினேன். சோப்பு, பிரஷ், துண்டு, இழுப்பறை, குழாயின் கைப்பிடி என எல்லாமே இடது பக்கம். அவளுடைய நல்ல கைக்கு எட்டும்படி.

பழைய கண்ணாடியையே மேலே மாட்டினேன். அதன் வலது ஓரத்தில் எப்போதும் நாலைந்து ஸ்டிக்கர் பொட்டு இருக்கும். குளிக்குமுன் நெற்றியிலிருந்து எடுத்து அங்கே ஒட்டுவது அவள் வழக்கம். மாட்டும்போது அவற்றைச் சுரண்டித் துடைத்துவிட்டேன். கை விழுந்த பிறகு பொட்டு வைப்பதும் எடுப்பதும் என் வேலையாகியிருந்தது. இடது கையால் பொட்டைத் தொட அவள் மனம் ஒப்பவில்லை. நான் வைத்தால் ஒருநாளும் நடுவில் நிற்காது.

முதல் நாள் உட்கார்ந்து பார்த்து, "நல்லாருக்கு," என்றாள். இத்தனை உழைப்புக்கு அந்த ஒரு சொல்தான். எனக்குச் சுருக்கென்றது. ஒரு வாரம் கழித்து, முகத்தைத் துடைத்தபடியே கேட்டாள்.

"என்னங்க, வலது பக்கம் ஏன் ஒண்ணுமே இல்ல?"

"உனக்குச் சிரமம் வேணாம்னுதான்."

"இந்தக் கை அவ்வளவுதான்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

கோபம் வந்தது. மூன்று வாரம் முதுகு ஒடிய உழைத்தவனிடம் கேட்கிற கேள்வியா? இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பெட்டாலிங் ஜெயாவில் அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் படித்துப் படித்துச் சொன்னது நினைவுக்கு வந்தது: "அந்தக் கைக்கு வேலை குடுங்க, அங்கிள். சும்மா விட்டா தூங்கிடும்." தலையை ஆட்டிவிட்டு வந்து, நேர் எதிராக வரைந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மிச்சமிருந்த செங்காலில் ஒரு பலகை அறுத்து வலது பக்கம் பொருத்தினேன். முழங்கையை ஊன்றிக் கையை நகர்த்த வசதியாக விளிம்பை மழுங்க இழைத்தேன். இழுப்பறையை அந்தப் பக்கம் மாற்றி, பிடிக்கச் சுலபமாகப் பெரிய உருண்டைக் குமிழ் போட்டேன். அந்தக் கைக்கு எட்டும்படி கண்ணாடியைச் சற்றுக் கீழே இறக்கி மாட்டினேன். சோப்பைத் தவிர எல்லாம் வலது பக்கம் போனது. அவள் பார்த்துவிட்டு, "இப்ப சரி," என்றாள்.

பிரஷ் விழும். எடுத்துக் கொடுக்கப் போனால் முறைப்பாள். கதவுக்கு வெளியே நின்று, அது விழும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். மாதங்கள் போகப் போக எண்ணிக்கை குறைந்தது.

போன வாரம் ஒருநாள் காலையில் அவள் குளித்துவிட்டு வந்த பிறகு, பல் தேய்க்கப் போனேன். கண்ணாடியின் வலது ஓரத்தில், பலகைக்குச் சற்று மேலே, ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. பாதி மடங்கி, கோணலாக. முந்தின நாள் நான் அவள் நெற்றியில் வைத்த பொட்டு.

அதன்மேல் தண்ணீர் படாமல் முகம் கழுவிவிட்டு வந்தேன்.